வேலூரில் எந்த வீடு மூத்தது? செங்கல்லைக் கேளுங்கள்

வேலூர் கொசப்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவர் தெருவில் இரண்டு மெட்ராஸ் டெரஸ் வீடுகள், அதாவது மரவிட்டங்கள் மேல் செங்கல் அடுக்கிக் காரை போட்ட கூரை வீடுகள். எங்கள் வீடுதான் ஊரிலேயே பழசு என்று இரண்டு குடும்பமும் அடித்துச் சொல்கிறதாம். ஒரு வீட்டில் பழைய பத்திரம் இருக்கிறது, இன்னொரு வீட்டில் கொள்ளுத்தாத்தா சொன்ன கதை இருக்கிறது. அறிவியலால் இதைத் தீர்க்க முடியுமா என்று கேட்கிறார்.

பத்திரம் மனைக்குத்தான் சாட்சி, சுவருக்கு இல்லை. நிலைவாசல் மரத்தில் எஞ்சியிருக்கும் கதிரியக்கக் கார்பனை (கார்பன்-14) அளந்து வயது பார்க்கலாம். ஆனால் 1650-க்குப் பிந்தைய மரத்தில் ஒரே அளவீட்டுக்கு இரண்டு மூன்று காலகட்டங்கள் பொருந்தும். மிச்சம் இருப்பது செங்கல்.

செங்கல் மண்ணில் பொடிப்பொடியாகக் குவார்ட்ஸ் மணிகள் உண்டு. அதே மண்ணில் இருக்கும் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஓயாமல் கதிர் வீசுகின்றன. கதிர் பட்டு இடம்பெயரும் எலக்ட்ரான்களில் சில, படிகத்தின் குறைகளில், எலிப்பொறியில் எலி போல, விழுந்து சிக்கிக்கொள்ளும். சூளைச் சூட்டில் அத்தனையும் விடுபட்டு, கணக்கு பூஜ்யமாகிவிடும். சூளை ஆறிய நாளிலிருந்து இந்தப் பொறிகள் மறுபடி நிரம்பத் தொடங்கும்.

ஆய்வகத்தில் அந்த மணிகளைச் சூடாக்கினால் சிக்கியவை விடுபட்டு, மங்கலான நீல ஒளி எழும். வெப்ப ஒளிர்வு என்பது இதுதான். அதே மணியை இரண்டாம் முறை சூடாக்குங்கள், அந்த ஒளி வராது. இருநூறு வருடச் சேமிப்பு ஒரே நிமிடத்தில் செலவாகிவிட்டது! எனக்கு அறிவியலில் இதைவிட அழகான காட்சி இல்லை.

ஒளியின் அளவிலிருந்து செங்கல் வாங்கிய மொத்தக் கதிர்வீச்சு தெரியும். அது 0.8 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) என்றும், ஆண்டுக்குச் சேர்வது 4 மில்லிகிரே (கிரேயில் ஆயிரத்தில் நாலு பங்கு) என்றும் வைத்துக்கொண்டால் வயது 200. பத்திருபது வருடம் முன்பின் இருக்கலாம்.

வேலூர் வெயிலில் பொறிகள் காலியாகிவிடாதா? ஆழமில்லாத பொறிகள் காலியாகும். நாம் அளப்பது 300 டிகிரிக்கு மேல்தான் திறக்கும் ஆழமான பொறிகளை. கத்திரி வெயில் அவற்றை அசைக்காது. வெளிச்சம் பட்ட மேற்பரப்பில் இரண்டு மில்லிமீட்டரைச் சீவி எறிந்துவிட்டு, சிவப்பு விளக்கு அறையில் உள்மண்ணை எடுப்பார்கள்.

16ஆம் நூற்றாண்டுக் கோட்டையின் கருங்கல்லிடம் இந்தக் கேள்வியைக் கேட்க முடியாது. அது சூளை காணாதது, அதன் பொறிகள் எப்போதோ நிரம்பிவிட்டன.

ஒரு சிக்கல் உண்டு. இடித்த வீட்டுச் செங்கல்லை வாங்கிப் புது வீடு கட்டுவது நம் பக்கத்து வழக்கம். செங்கல் சொல்வது அதன் வயதை, வீட்டின் வயதை அல்ல. அதனால் நாலைந்து இடங்களில் எடுத்துப் பார்க்க வேண்டும். வயதுகள் ஒத்துப்போகாமல் சிதறினால், பழைய கல் கலந்திருக்கிறது என்று பொருள்.

மாவட்டத்துக்கு ஓர் ஆய்வகமாவது இதற்கு வேண்டும், அரசு பணம் ஒதுக்க வேண்டும். தோஷம் என்று யாரோ சொன்ன சொல்லை நம்பி நல்ல காரைவீடுகளை இடிப்பதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

கொசப்பேட்டை நண்பரே, இரண்டு வீட்டிலும் அஸ்திவாரத்தை ஒட்டிய உட்சுவரில், அடுப்படியிலிருந்து தள்ளி, செங்கல் எடுக்கச் சொல்லுங்கள். அடுப்புச் சூடு பட்ட கல் தன் வயதைக் குறைத்துச் சொல்லும்.