அந்த ஷாக் காட்சிக்கு இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறோம்

மிலோஷ் ஃபோர்மன் இயக்கிய ‘ஒன் ஃப்ளூ ஓவர் த குக்கூஸ் நெஸ்ட்’ 1975-இல் வந்தது. சிறந்த படம், இயக்குநர், நடிகர், நடிகை, திரைக்கதை என ஐந்து ஆஸ்கர் வாங்கியது. அதைப் பார்க்காதவர்களுக்கும் அதில் ஒரு காட்சி தெரியும். ஜாக் நிக்கல்சனைப் படுக்கவைத்து, நாலு பேர் அமுக்கிப் பிடித்துக்கொள்ள, முழு நினைவோடு இருக்கும்போதே தலையில் கரண்ட் கொடுப்பார்கள். அதைப் பார்த்து எத்தனையோ படங்கள் தங்களுக்கும் ஒன்று எடுத்துக்கொண்டன.

அதன் விளைவை மனநல மருத்துவர்கள் நாங்கள் வெளிநோயாளிப் பிரிவில் பார்க்கிறோம். கடும் மனச்சோர்வில் சாப்பாடு, தண்ணீர் இரண்டையும் நிறுத்திவிட்டவருக்கு ஈசிடி (தலையில் மின்சாரம் கொடுத்து மூளையில் வலிப்பை உண்டாக்கும் சிகிச்சை) பற்றிப் பேச்செடுத்ததுமே, “கரண்ட் மட்டும் வெச்சிராதீங்க டாக்டர்” என்பார்கள் வீட்டார். மருந்து வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். அவ்வளவு நாள் காத்திருக்க முடியாத நிலையில்தான் இதைச் சொல்கிறோம் என்பது காதில் ஏறாது.

இன்று முறையாகச் செய்யும் இடத்தில் நடப்பதே வேறு. முதலில் மயக்க மருந்து. அப்புறம் தசைகளைத் தளர்த்தும் மருந்து. அதற்கு முன்பே ஒரு கணுக்காலில் பிபி பார்க்கும் பட்டையைக் கட்டி இறுக்கிவிடுவோம். தளர்த்தும் மருந்து அந்தப் பாதத்துக்கு மட்டும் போய்ச் சேராது. மூளையில் வலிப்பு ஓடும்போது உடம்பில் அதிக அசைவு இருக்காது. அந்தப் பாதம் மட்டும் துடிக்கும். அது எவ்வளவு நேரம் துடிக்கிறது என்று கடிகாரத்தைப் பார்ப்போம். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். முதல்முறை உடனிருந்து பார்க்கும் மாணவர்கள், “அவ்வளவுதானா?” என்று கேட்பதுண்டு. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, மொத்தம் 6 முதல் 12 வரை கொடுப்பது வழக்கம்.

சரி, படம் பொய் சொன்னதா? முழுக்க அப்படிச் சொல்ல மாட்டேன். 1938-இல் ரோமில் தொடங்கிய இந்தச் சிகிச்சை, முதல் பல ஆண்டுகள் பெரும்பாலும் மயக்க மருந்து இல்லாமலேதான் நடந்தது. எலும்பு முறிந்தவர்களும் உண்டு. சில மனநல விடுதிகளில் அடங்காதவரை அடக்கவும் இதைப் பயன்படுத்தினார்கள். படத்தில் மெக்மர்ஃபிக்கு (நிக்கல்சன் நடித்த நோயாளி) ஷாக் கொடுப்பது ஊழியர்களோடு அடிதடி நடந்ததற்காக, நோய்க்காக இல்லை. எனக்கு அந்தக் காட்சியில் உறுத்துவது மெஷின் அல்ல, ‘உனக்குச் சம்மதமா?’ என்று யாரும் அவனைக் கேட்கவே இல்லை என்பதுதான். அந்த வார்டு நர்ஸ் ராச்செட் நோயாளிகளை வைத்து நடத்தும் குழுக் கூட்டமும் அப்படியே. அங்கே கரண்ட் கிடையாது. ஆனாலும் அவர் பேசப் பேச பில்லி என்ற பையன் கூனிக்குறுகிப் போகிறான்.

அதனால், பயந்து எழுந்து போவதைவிட உட்கார்ந்து கேள்வி கேளுங்கள். எதற்காக இது? வேறு வழி என்ன? மயக்க மருந்து கொடுப்பவர் யார்? நோயாளியிடம் பேசினீர்களா? இதற்கெல்லாம் எரிச்சல்படுகிற மருத்துவரிடம் வேண்டாம்.

மறதியைப் பற்றியும் கேளுங்கள், ஏனென்றால் அது உண்மையான பக்கவிளைவு. சிகிச்சை நடந்த வாரங்களும் அதற்குச் சற்று முந்தைய நாட்களும் பலருக்கு மங்கிப்போகும். பெரும்பாலோருக்குப் புதிதாக நினைவில் வைக்கும் திறன் சில வாரங்களில் திரும்பிவிடும். சிலருக்குப் பழைய நினைவுகளில் சில வராமலே போவதும் உண்டு. தலையின் ஒரு பக்கம் மட்டும் கொடுத்தால் இந்தத் தொல்லை குறையும். உங்கள் வீட்டு நோயாளிக்கு அது பொருந்துமா என்று மருத்துவரையே கேட்கலாம்.