அமெரிக்க அதிபர் ‘முடியாது’ என்று சொன்னால் என்ன ஆகும்?

அமெரிக்க அதிபரின் பலம் என்றதும் ராணுவம், அணு ஆயுதம் என்றுதான் பேச்சு போகும். உள்நாட்டில் அவர் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் வீட்டோ, அதாவது மசோதாவை மறுக்கும் அதிகாரம்தான் என்பது என் எண்ணம். சட்டம் இயற்றுவது காங்கிரஸின் வேலை, அதாவது 435 பேர் கொண்ட பிரதிநிதிகள் சபையும் 100 பேர் கொண்ட செனட்டும் சேர்ந்து செய்வது. அவர்கள் நிறைவேற்றிய மசோதாவைத் தடுத்து நிறுத்துவதுதான் அதிபரால் முடிந்தது.

மசோதா அவரிடம் வந்ததும் பத்து நாள் அவகாசம், ஞாயிற்றுக்கிழமைகள் கணக்கில் சேராது. கையெழுத்துப் போட்டால் சட்டம். பிடிக்கவில்லை என்றால் காரணத்தை எழுதி, மசோதா எந்தச் சபையில் தொடங்கியதோ அங்கேயே திருப்பி அனுப்ப வேண்டும். ஒன்றுமே செய்யாமல் வைத்திருந்தால்? பத்து நாள் முடிந்ததும் கையெழுத்து இல்லாமலேயே அது சட்டமாகிவிடும். ஆனால் அதற்குள் காங்கிரஸ் தன் கூட்டத்தொடரை முடித்துக்கொண்டு கலைந்துவிட்டால் மசோதா அதோடு காலி, இதைத்தான் பாக்கெட் வீட்டோ என்கிறார்கள்.

வீட்டோவை மீறவும் வழி உண்டு, இரண்டு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் விஷயம் புரியும். செனட்டில் எல்லோரும் வாக்களித்தால் 67 வேண்டும், அப்படியென்றால் 34 செனட்டர்கள் அதிபர் பக்கம் நின்றாலே போதும், மற்ற அத்தனை பேரும் எதிர்த்தாலும் வீட்டோ அசையாது. பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 635 முறை வீட்டோ செய்தார், மீறப்பட்டவை 9தான். இதற்கு நேர் எதிர் அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன், அவருடைய வீட்டோ 15 முறை மீறப்பட்டது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு, விடுதலை பெற்ற கறுப்பின மக்களைக் குடிமக்களாக ஏற்ற 1866ஆம் ஆண்டு சட்டமே அவருடைய வீட்டோவை மீறித்தான் வந்தது.

ஒரு முக்கியமான கட்டுப்பாடு, மசோதாவில் பிடித்ததை வைத்துக்கொண்டு பிடிக்காததை மட்டும் அதிபரால் அடிக்க முடியாது. 1996இல் காங்கிரஸே அப்படியொரு அதிகாரத்தைக் கொடுத்தது, கிளிண்டன் பயன்படுத்தவும் செய்தார், 1998இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று சொல்லிவிட்டது.

சரி, இந்தக் கணக்கு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு தேசிய அவசரநிலைச் சட்டம் நல்ல உதாரணம். 1976இல் அதை எழுதியபோது, அதிபர் அறிவிக்கும் அவசரநிலையை இரண்டு சபைகளும் சாதாரணப் பெரும்பான்மையில் தீர்மானம் போட்டு முடித்துவிடலாம், அது அதிபரின் கையெழுத்துக்குப் போகவே வேண்டாம் என்று வைத்திருந்தார்கள். 1983இல், இதற்குச் சம்பந்தமே இல்லாத ஒரு குடியேற்ற வழக்கில் (கென்யாவில் பிறந்த, இந்திய வம்சாவளி மாணவர் ஒருவரை நாடு கடத்துவது பற்றியது) உச்ச நீதிமன்றம் சொன்னது: சட்ட விளைவு உள்ள எந்த முடிவும் இரண்டு சபைகளையும் தாண்டி அதிபரிடம் போயே ஆக வேண்டும். அதற்கேற்ப 1985இல் அவசரநிலைச் சட்டத்தையும் திருத்தினார்கள். அதாவது, அதிபர் அறிவித்த அவசரநிலையை முடிக்கும் தீர்மானம் அதே அதிபரிடம் கையெழுத்துக்குப் போகும். அரசியலமைப்பின்படி தீர்ப்பு சரியாக இருக்கலாம், ஆனால் அதன் விளைவு எனக்குக் கவலை தருகிறது.

2019இல் அதுதான் நடந்தது. மெக்சிகோ எல்லைச் சுவருக்குக் கேட்ட பணத்தைக் காங்கிரஸ் தராததால், வேறு அரசு நிதியை அதற்குத் திருப்ப டிரம்ப் அவசரநிலை அறிவித்தார். அதை ரத்து செய்யும் தீர்மானம் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது, அவருடைய கட்சியே பெரும்பான்மை வைத்திருந்த செனட்டிலும் 59-41 என்று நிறைவேறியது. மார்ச் 15 அன்று வீட்டோ செய்தார், அவருடைய முதல் வீட்டோ அது. பதினோரு நாள் கழித்து பிரதிநிதிகள் சபை மீறப் பார்த்தது: 248-181. பெரும்பான்மைதான், ஆனால் தேவைப்பட்டது 286. அவசரநிலை தொடர்ந்தது, 2021 ஜனவரி 20 அன்று, பதவியேற்ற நாளிலேயே பைடன் அதை முடித்து வைத்தார்.