பேயை நம்பிய ஆயா மாமனை நம்பவில்லை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் ஆயாவுக்குப் பேய்க்கதை என்றால் சோறு மறந்துவிடும். கரும்புத் தோட்டத்து இருட்டில் விளக்கோடு போகிறவள் திரும்பினால் முகமே இல்லை. அதில் அவருக்குச் சந்தேகமே வராது. ஆனால் என் கதையை வாசித்துக் காட்டியபோது கடைசிப் பக்கத்தில் கையைக் காட்டி நிறுத்தினார். காசுக்கு உயிரை விடும் மாமன் தங்கைக்கு வீட்டை எழுதிவைக்கிற இடம் அது. "அவன் கொடுக்கமாட்டான்டா."

அசைவைக் கண்டால் அதற்குப் பின்னால் ஓர் ஆசையைத் தேடுவது மூளையின் இயல்பு. 1944-இல் ஃபிரிட்ஸ் ஹைடர், மரியான் சிம்மல் என்ற உளவியலாளர்கள் ஒரு சின்னப் படம் காட்டினார்கள். இரண்டு முக்கோணங்கள், ஒரு வட்டம், கதவு வைத்த ஒரு கட்டம். முகமில்லை, பேச்சில்லை. பார்த்ததை எழுதிய 34 பேரில் ஒருவர் மட்டுமே வடிவங்கள் நகர்ந்ததாக எழுதினார். மற்றவர்கள் உயிருள்ளவர்களைக் கண்டார்கள். பெரிய முக்கோணம் பலருக்கு முரடன்.

ஆசை தெரிந்ததும் மூளை அடுத்த அடியைக் கணிக்கத் தொடங்கும். கணிப்பு பிசகலாம், அதில்தான் சுவையே. பிசகிய பிறகு "அப்பவே தெரிஞ்சிருக்கணும்" என்று சொல்லும்படி முன்பக்கங்களில் ஒரு காரணம் கிடைக்கவேண்டும். கிடைக்காவிட்டால் எழுதியவன் கை தெரிந்துவிடும். பேய் உண்டு என்பது அந்தக் கதையின் விதி. மாமனின் கஞ்சத்தனமும் விதிதான், மீறியவன் நான்.

1860 முதல் எங்கள் பகுதியான நேட்டாலுக்கு வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் தெருக்கூத்தையும் கொண்டுவந்தார்கள். இங்கே அதற்கு 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்று பெயர். அந்தக் கூத்தில் கர்ணனிடம் கவசத்தைக் கேட்டால் அறுத்துக் கொடுத்துவிடுவான் என்பது தெரிந்த கதை. தெரிந்தும் "கொடுக்காதேடா" என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. கர்ணனால் கொடுக்காமல் இருக்க முடியாது, அதனால்தான்.

எந்த வகைக் கதை பிடிக்கும் என்பதில் உடம்புக்கும் பங்குண்டு. பயத்தில் எழுந்த படபடப்பு ஆபத்து நீங்கியதும் உடனே அடங்குவதில்லை. மிச்சமிருப்பது நிம்மதியோடு கலந்து அதைப் பெரிதாக்கும் என்று டால்ஃப் ஜில்மன் என்ற உளவியலாளர் விளக்கினார். ஆயாவுக்கு அந்தப் படபடப்பு வேண்டும். எனக்கு அது தூக்கத்தைக் கெடுக்கும்; தடயம் சேர்க்கும் துப்பறியும் கதை போதும்.

மூன்றாம் பக்கத்தில் இரண்டு வரி சேர்த்தேன்: தங்கையின் சின்ன வயது வளையலை மாமன் விற்காமல் தகர டப்பாவில் வைத்திருக்கிறான். ஆயா இந்த முறை கடைசிவரை கேட்டார்.

"வளையலை அவகிட்ட காட்டினானா, இல்லையா?" என்றார்.