களை மண்டிய ஏரியில் பெருவாய் பாஸ்

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் உள்ள ஒக்கிச்சோபி ஏரி ஏறத்தாழ 1,900 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. ஆனால், அதன் சராசரி ஆழம் 3 மீட்டரைக்கூட எட்டுவதில்லை. ஆழம் குறைவாக இருப்பதால் கரையோரங்களில் சூரிய ஒளி அடித்தரை வரை இறங்குகிறது. ஒளி இறங்கும் இடமெல்லாம் செடிகள் வேர்விடுகின்றன. மேற்குக் கரையை ஒட்டிச் சுமார் 400 சதுர கிலோமீட்டருக்குக் கோரையும் சம்பும் அல்லியும் மண்டிக் கிடக்கின்றன. நீருக்குள் வாலிஸ்னேரியாவும் ஹைட்ரில்லாவும் வளர்கின்றன. ஒளிச்சேர்க்கையில் ஆக்ஸிஜன் குமிழிகள் எழுவதைக் காட்டுவதற்காக நம் பள்ளி ஆய்வகங்களில் கண்ணாடிப் புனலுக்கடியில் வைப்பார்களே, அதே ஹைட்ரில்லாதான். 1950களின் தொடக்கத்தில் மீன்தொட்டிச் செடியாக இலங்கையிலிருந்து புளோரிடாவுக்குச் சென்ற அது, கால்வாய்கள் வழியே மாநிலத்தின் பல நீர்நிலைகளில் பரவிவிட்டது. இந்தக் களைக்காட்டில்தான் அமெரிக்கத் தூண்டில்காரர்கள் மிகவும் விரும்பித் தேடும் பெருவாய் பாஸ் மீன் வாழ்கிறது.

களை என்பது பாஸுக்கு மறைவிடம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். அது பாதி உண்மைதான். அதே களை பாஸின் இரையான சிறுமீன்களுக்கும் மறைவிடமாக இருக்கிறது. ஆகவே செடிகள் எவ்வளவு நெருக்கமாக நிற்கின்றன என்பதைப் பொறுத்தே வேட்டையின் முடிவு அமைகிறது. ஜேக்குலின் சவீனோ, ராய் ஸ்டைன் என்ற இரு ஆய்வாளர்கள் செயற்கைத் தண்டுகளை நட்ட தொட்டிகளில் பாஸையும் அதன் இரையான புளூகில் மீனையும் ஒன்றாக விட்டுப் பார்த்து, தங்கள் முடிவுகளை 1982இல் வெளியிட்டனர். சதுர மீட்டருக்கு 50 தண்டுகள் இருந்தபோது பாஸ் வெட்டவெளியில் பிடித்த அளவுக்கே இரையைப் பிடித்தது. 250 தண்டுகளை எட்டியதும் பிடிப்பு ஏறக்குறைய நின்றே போனது. அடர்த்தி கூடக் கூட அது தேடித் திரிவதைக் குறைத்து, ஓரிடத்தில் பதுங்கிக் காத்திருக்கும் முறைக்கு மாறியது என்பதே இந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஏரியில் களையின் நடுவே அல்லாமல், அது முடியும் விளிம்பிலும், உள்ளே திறந்து கிடக்கும் சிறு பொந்துகளிலும், கோரையும் அல்லியும் சந்திக்கும் இடங்களிலும் பாஸ் அதிகம் சிக்குவதற்கான காரணமும் இதுதான். உடலை நிழலில் மறைத்துக்கொண்டு, பாய்வதற்கு மட்டும் வெளியை வைத்துக்கொள்ள இந்த இடங்களே அதற்கு வசதியானவை.

பாயும் கணத்தில் நடப்பது வியப்பூட்டுவது. பாஸ் இரையைக் கடித்துப் பிடிப்பதில்லை, உறிஞ்சி எடுக்கிறது. கீழ்த்தாடை இறங்கி, மண்டை மேலே நிமிர்ந்து, செவுள் மூடிகள் பக்கவாட்டில் விரியும்போது வாயறையின் கொள்ளளவு சட்டெனப் பெருகி உள்ளே அழுத்தம் குறைகிறது. துருத்தியை விரித்தால் காற்று பாய்வதுபோல, வாய்க்கு முன்னால் இருக்கும் நீர் இரையோடு சேர்ந்து உள்ளே பாய்கிறது. பிறகு இரை தொண்டைக்குச் செல்ல, நீர் செவுள்களின் வழியே வெளியேறுகிறது. இவ்வளவும் நொடியில் ஒரு சிறு பங்குக்குள் முடிந்துவிடும். தலையில் உள்ள சிறிய தசைகளால் இத்தனை ஆற்றலைத் தர முடியாது. 2015இல் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எக்ஸ்-கதிர்ப் படப்பிடிப்பின் மூலம் அளந்தபோது, இதற்கான ஆற்றலில் 95 விழுக்காடு வரை நீந்துவதற்கான உடல் தசைகளிலிருந்தே வருவது தெரிந்தது. அதாவது, வாலை அசைத்து நீந்தும் அதே தசைத்தொகுதிதான் வாயையும் விரிக்கிறது. இருப்பினும் இந்த உறிஞ்சல் வாயின் அகலமளவு தொலைவுக்கு மேல் பெரிதாக எட்டாது. எனவே மீன் முதலில் பாய்ந்து இரையை நெருங்கியாக வேண்டும். இடையில் தண்டுகள் நின்றால் பாய்ச்சல் தடைப்படும்.

இரை வருவதைக் கண்ணும், பக்கவாட்டுக் கோடு எனப்படும் உணர்வுறுப்பும் சேர்ந்து அறிவிக்கின்றன. நீரின் மிக மெல்லிய அசைவையும் உணரும் நுண்மயிர்ச் செல்கள் அந்தக் கோட்டில் இருப்பதால், கலங்கிய நீரிலும் செடிகளின் மறைவிலும் மீன் இரையின் திசையை அறிந்துகொள்கிறது. கண்ணில் பச்சைக்கும் சிவப்புக்கும் உரிய இரண்டு வகைக் கூம்புச் செல்களே இருக்கின்றன. அதனால் பாஸ் நீலத்தையும் கறுப்பையும் பிரித்தறியத் தடுமாறுகிறது. இரைப்பொம்மைகளின் வண்ணத்துக்குத் தூண்டில்காரர்கள் கொடுக்கும் கவனத்தில் பாதியைக் களையின் அடர்த்திக்குக் கொடுத்தாலே அதிக மீன் கிடைக்கும் என்பது என் கருத்து.

பயன்படுத்தும் கருவிகளின் வடிவத்தையும் இந்தக் களைதான் முடிவு செய்கிறது. முனை வெளியே தெரியும் சாதாரணத் தூண்டில் முள் முதல் வீச்சிலேயே பாசியில் மாட்டிக்கொள்ளும். அதைத் தவிர்க்க, மென்மையான பிளாஸ்டிக் புழுவின் தலைக்குள் முள்ளைச் செலுத்தி, சற்றுக் கீழே வெளியே இழுத்து, திருப்பி, முனையை மீண்டும் புழுவின் உடலுக்குள்ளேயே புதைத்து வைக்கிறார்கள். செடிகளுக்கிடையே அது வழுக்கிச் செல்லும்; மீன் வாயில் கவ்வியபின் கோலை வலுவாகச் சுண்டும்போதுதான் முனை பிளாஸ்டிக்கைக் கிழித்துக்கொண்டு தாடையில் ஏறும். நீர்மட்டத்தில் பாய்விரித்த பாசியின்மேல் இழுக்கப்படும் உள்ளீடற்ற ரப்பர் தவளையிலும் இதே தந்திரம் உண்டு. அதன் இரண்டு முட்களும் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி வளைந்திருக்கும். மீன் கவ்வி அமுக்கினால் உடல் நசுங்கி முட்கள் வெளிப்படும். நீர் சிதறும் ஓசை கேட்டவுடன் கோலைச் சுண்டினால், உடல் நசுங்குவதற்கு முன்பே தவளை வாயிலிருந்து நழுவிவிடும். தூண்டில் நரம்பு இறுகும் வரை பொறுத்திருப்பதுதான் இந்த முறையில் கடினமான பாடம்.

மேற்பரப்பு முழுவதும் மூடிக்கிடக்கும் இடத்தில் 30 முதல் 50 கிராம் வரை எடையுள்ள டங்ஸ்டன் குண்டைப் புழுவுக்கு முன்னால் கோத்து, மேலிருந்து செங்குத்தாக விட்டுப் பாசியைத் துளைக்கிறார்கள். டங்ஸ்டனின் அடர்த்தி ஈயத்தைப்போல் ஏறக்குறைய 1.7 மடங்கு, ஆகவே அதே எடைக்குக் குண்டு சிறியதாக இருந்து எளிதில் உள்ளே இறங்கும். நைலான் நரம்புக்குப் பதிலாகப் பாலிஎதிலீன் இழைகளைப் பின்னிய நரம்பைக் கட்டுவதற்குக் காரணம் அதன் வலிமை மட்டுமன்று. அது ஏறக்குறைய நீள்வதே இல்லை என்பதால் சுண்டும் விசை வீணாகாமல் முள்ளைச் சென்றடையும். மீன் செடிகளுக்குள் புகுந்தாலும் மெல்லிய அந்த நரம்பு தண்டுகளை அறுத்துக்கொண்டு வரும்.

நேரமும் களையோடு பிணைந்ததே. பகலில் ஆக்ஸிஜனை வெளியிடும் செடிகள் இரவில் அதை வெளியிடாமல் சுவாசத்துக்காக எடுத்துக்கொள்ள மட்டுமே செய்வதால், அடர்ந்த பாசிக்குள் ஆக்ஸிஜன் விடியும் வேளையில்தான் மிகக் குறைவாக இருக்கும். கோடையில் விடியற்காலை வெளி விளிம்புகளில் காணப்படும் மீன்கள், வெயில் ஏறியதும் பாசியின் நிழலுக்குள் நகர்வதற்கு இதுவும் ஒரு காரணம். அழுகும் களை மேலும் ஆக்ஸிஜனை உறிஞ்சிக்கொள்வதால், பழுப்பேறிய பாசியை விட்டுப் பச்சைப் பாசியைத் தேடுவது நல்லது.

களையே இல்லாத ஏரியில் பாஸ் குஞ்சுகள் ஒளிய இடமின்றி இரையாகிவிடும். களை முழுவதும் மூடிய ஏரியில் வளர்ந்த மீன்கள் இரை பிடிக்க முடியாமல் மெலியும். ஒக்கிச்சோபியில் 2004, 2005ஆம் ஆண்டுகளின் சூறாவளிகள் செடிகளைப் பிடுங்கி எறிந்து சேற்றைக் கலக்கிவிட்டதால் ஒளி அடித்தரையை எட்டாமல் போனது; களையோடு பாஸ் குஞ்சுகளும் குறைந்தன. மீட்சி வறட்சியின் வழியே வந்தது. 2007இல் ஏரியின் நீர்மட்டம் அதுவரை பதிவாகாத அளவுக்குத் தாழ்ந்தபோது, வெளியே தெரிந்த அடித்தரையிலிருந்து பல இடங்களில் சேறு அகற்றப்பட்டது. காய்ந்த மண்ணில் புதைந்து கிடந்த விதைகள் முளைத்தன. நீர் திரும்பி நிறைந்தபின் அந்தச் செடிகளுக்கிடையே பாஸ் மீன்கள் மீண்டும் பெருகத் தொடங்கின.