வடக்கு தெரியாத திசைகாட்டி

அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் அக்காள் மகன் சென்ற மாதம் ஒரு படம் அனுப்பினான். புதிதாக வாங்கிய காரின் பின்பக்கம். விளக்கு எல்லாமே சிவப்பு. "மாமா, இங்கே இண்டிகேட்டரும் சிவப்பாகத்தான் இமைக்கிறது" என்று எழுதியிருந்தான். அது எப்படி என்று தேடியபோது ஒரு மொழிபெயர்ப்புக் கட்டுரை கிடைத்தது. வட அமெரிக்காவில் "பின்புறத் திசைகாட்டிகள்" சிவப்பாக இருக்கலாமாம்.

திசைகாட்டிகள்! இந்தச் சொல்லை எங்கள் குமரி மாவட்டத்து மார்த்தாண்டத்தில் ஒரு ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் பலகையில் பார்த்தேன், பொறுத்துக்கொண்டேன். ஒரு ஸ்கூட்டரின் கையேட்டில் பார்த்தேன், பொறுத்துக்கொண்டேன். மூன்றாவது முறையும் பொறுத்துக்கொள்ள என்னால் ஆகாது.

குளச்சலிலும் தேங்காப்பட்டணத்திலும் கடலுக்குப் போகிறவர்களிடம் திசைகாட்டி என்று சொல்லிப் பாருங்கள். வடக்கைக் காட்டும் முள் உள்ள கருவி என்று சின்னப் பையனும் சொல்வான். அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் இல்லை, வேண்டியதும் இல்லை. நடுக்கடலில் திசைகாட்டி இடமும் வலமுமாக இமைக்கத் தொடங்கினால் அந்தப் படகின் கதி என்ன?

பிழை எங்கிருந்து வந்தது என்பது வெளிப்படை. ஆங்கிலத்தில் இந்த விளக்குக்கு இருக்கும் 'டைரக்ஷன் இண்டிகேட்டர்' என்ற இரட்டைச் சொல்லில் முதல் சொல்லுக்கு அகராதி 'திசை' என்றது, இரண்டாவதற்குக் 'காட்டி' என்றது. மொழிபெயர்ப்பாளர் இரண்டையும் ஒட்டினார். ஒட்டிய பிறகு கிடைத்தது ஏற்கெனவே வேறொன்றின் பெயர் என்பதைக் கவனிக்கவில்லை. இண்டிகேட்டர் என்பதன் வேர் லத்தீன். சுட்டு, அறிவி என்று பொருள். ஆள்காட்டி விரலைக் குறிக்கும் லத்தீன் சொல்லும் அதே குடும்பம்தான். வேர்க்கதை இவ்வளவு போதும்.

இந்த விளக்கு திசையைக் காட்டுகிறதா என்பதே கேள்வி. எங்கள் மாவட்டத்துக்காரனிடம் இதைக் கேட்டால் சிரிப்பான். நாங்கள் வழி சொல்வதே திசையை வைத்துத்தான். "அந்த மாவு மில்லுக்குக் கிழக்கே போய்த் தெற்கே திரும்பு" என்போம். வீட்டுக்குள் கூட "மேற்குப் பக்கத்து அலமாரியில் இருக்கிறது" என்று சொல்கிற பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். அழகியமண்டபம் சந்திப்பை எடுத்துக்கொள்ளுங்கள். திங்கள்நகர் அங்கிருந்து தெற்கே. தக்கலையிலிருந்து வருகிறவர் திங்கள்நகருக்குத் திரும்ப இடது விளக்கைப் போடுவார். மார்த்தாண்டத்திலிருந்து வருகிறவர் வலது விளக்கைப் போடுவார். இரண்டு பேரும் போவது ஒரே தெற்கு. காரின் விளக்குக்குத் தெற்கும் தெரியாது, வடக்கும் தெரியாது. அதற்குத் தெரிந்தது வண்டியின் இடப்பக்கமும் வலப்பக்கமும்தான். பக்கத்தைச் சொல்கிற ஒன்றைத் திசை என்பது எங்கள் ஊரில் தினமும் பத்து முறை பொய்யாகிப்போகும்.

திசைகாட்டிக்கு மாற்றாக உலவும் சொற்களும் பெரிதாகத் தேறவில்லை. 'குறிகாட்டி' பொருளாதாரப் பக்கங்களில் குடியேறிவிட்டது. பணவீக்கமும் வேலையின்மையும் குறிகாட்டிகள். வண்டிக்குள்ளேயே பெட்ரோல் அளவைக் காட்டுவதும் குறிகாட்டி, எஞ்சின் சூட்டைக் காட்டுவதும் குறிகாட்டி. பின்னால் வருகிறவனுக்கு எதைச் சொல்கிறோம் என்பதை இந்தச் சொல் விழுங்கிவிடுகிறது. 'சமிக்ஞை விளக்கு' வாயில் நுழைவதற்குள் வண்டி திரும்பிவிடும். தவிர, இலங்கைத் தமிழர்கள் அதைச் சாலைச் சந்தியில் நிற்கும் சிக்னலுக்கு வைத்திருக்கிறார்கள். அவர்களிடமிருந்து பிடுங்க நமக்கு உரிமை இல்லை. 'சுட்டுவிளக்கு' மீது எனக்கு ஒரு சபலம் இருந்தது. சுட்டுவிரல், சுட்டெழுத்து என்று நல்ல சுற்றம் உள்ள சொல், லத்தீன் வேருக்கும் பொருத்தம். ஆனால் எதைச் சுட்டுகிறது என்பதை அது சொல்லவில்லை. போதாக்குறைக்கு, சுட்ட விளக்கு என்று காதில் விழுந்தால் பல்பு எரிந்துபோனதாக நினைத்துவிடுவார்கள்.

என் கட்சி 'திரும்புவிளக்கு'. நம் நாட்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் (1989) கூட, திரும்பப் போகும் எண்ணத்தை அறிவிக்கும் விளக்கு என்ற பொருளில்தான் இதைப் பேசுகின்றன. நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை இமைக்க வேண்டும் என்றும் சொல்கின்றன.

இலக்கணம் தெரிந்த நண்பர் ஒருவர் உடனே மறித்தார். திரும்புவிளக்கு வினைத்தொகை அல்லவா, விரித்தால் திரும்புகின்ற விளக்கு என்றாகுமே, அது முட்டம் கலங்கரை விளக்கத்துக்கு அல்லவா பொருந்தும் என்றார். நல்ல கேள்வி. ஆனால் எழுதுகோல் தானாக எழுதுகிறதா? குடிநீர் எதைக் குடிக்கிறது? ஆடுகளம் எந்த ஊரில் ஆடியது? வினையைச் செய்பவன் வெளியே நிற்க, கருவியோ இடமோ பெயரைப் பெறுவது வினைத்தொகையின் அன்றாட வேலை. எழுத உதவுவது எழுதுகோல். திரும்ப உதவுவது திரும்புவிளக்கு. பிரேக் விளக்குக்கு நிறுத்துவிளக்கு என்று வைத்தால் இரண்டும் ஒரு வார்ப்பில் அமையும்.

வினைத்தொகையைக் காலம் கரந்த பெயரெச்சம் என்பார்கள். திரும்பிய, திரும்புகின்ற, திரும்பும் என்று மூன்று காலமும் அதற்குள் ஒளிந்திருக்கும். எங்கள் சாலைகளுக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் கிடையாது. திரும்புவதற்கு முன் விளக்கைப் போடுபவர் சிலர், திரும்பும்போது போடுபவர் பலர், திரும்பி முடித்துக் கால் கிலோமீட்டர் போன பிறகு நினைவு வந்து போடுபவரையும் வில்லுக்குறியில் கண்டிருக்கிறேன்.

சொல்லில் திரும்புதல் வெளிப்படையாக இருந்தால் இன்னொரு கூத்தும் குறையலாம். சந்திப்பில் நேராகப் போகிறவர்கள் நான்கு விளக்கையும் சேர்த்து இமைக்க விடுகிறார்களே, அது வண்டி பழுதாகி நிற்கும்போது போட வேண்டியது. 'இண்டிகேட்டர் போட்டேன்' என்றால் ஏதோ பொறுப்பாக நடந்துகொண்டது போலத் தோன்றுகிறது. 'நேராகப் போவதற்காகத் திரும்புவிளக்குப் போட்டேன்' என்று ஒருவர் சொல்லிப் பார்க்கட்டும். பாதியிலேயே அவருக்கே சிரிப்பு வந்துவிடும்.

நிறத்துக்கு வருகிறேன், மொழிபெயர்ப்பாளர்கள் அங்கேயும் வழுக்கி விழுகிறார்கள். நம் நாட்டுத் திரும்புவிளக்கின் நிறத்தை ஆங்கிலத்தில் ஆம்பர் என்பார்கள். அரபு மொழியின் அன்பர் என்ற சொல்லிலிருந்து வந்தது. முதலில் அது திமிங்கலத்தின் குடலில் உருவாகிக் கரை ஒதுங்கும் மணப்பொருளின் பெயர். பிறகு மரப்பிசின் இறுகிக் கல்லான மஞ்சள் மணிக்கும் அதுவே பெயராகி, அந்த மணியின் நிறத்துக்கும் பெயரானது. நம் பழைய மருத்துவம் அறிந்த அம்பர் முதலாவது. இன்று கடத்தல் செய்திகளில் அதைத் 'திமிங்கல வாந்தி' என்று எழுதுகிறார்கள். அந்தச் சண்டை இன்னொரு நாளைக்கு. 'அம்பர் விளக்கு' என்று எழுதினால் எங்கள் கடற்கரைக்காரர்களுக்குப் போலீஸ் நினைவுதான் வரும். வெறும் 'மஞ்சள்' என்றாலும் தவறு. பனிமூட்ட விளக்கில் வருகிற எலுமிச்சை மஞ்சள் வேறு, இது வேறு.

செம்மஞ்சள் என்ற சொல் கைவசம் இருக்கிறது. எந்த நிறம் என்று சந்தேகம் உள்ளவர்கள் செவ்விளநீர்க் குலையைப் பார்க்கலாம். பெயரில் சிவப்பு இருந்தாலும் காயின் நிறம் சிவப்பு அல்ல. வெயில் படும் பக்கம் ஆட்டோவின் விளக்குக் கண்ணாடியோடு வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியாது. இல்லையென்றால் பழுக்காய், அதாவது பழுத்த பாக்கு. 'பழுக்காய் நிறம்' என்றே சட்டத்தில் எழுதினாலும் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் சென்னையில் யாருக்கும் புரியாது.

மருமகன் காரில் சிவப்பு இருப்பது அந்நாட்டுச் சட்டப்படி சரி. அமெரிக்காவின் 108ஆம் எண் வாகனப் பாதுகாப்புத் தரவிதி முன்பக்கத்துக்குச் செம்மஞ்சள் வேண்டும் என்கிறது. பின்பக்கத்துக்குச் சிவப்போ செம்மஞ்சளோ, விருப்பம் போல. கனடாவிலும் அப்படியே. ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் ஆஸ்திரேலியாவிலும் நம் நாட்டிலும் பின்பக்கமும் செம்மஞ்சள்தான். ஒரே மாதிரிக் கார் அமெரிக்காவில் இறங்கும்போது சிவப்பையும் ஐரோப்பாவில் இறங்கும்போது செம்மஞ்சளையும் அணிந்துகொள்கிறது. சிவப்பில் தயாரிப்பாளருக்குச் சிக்கனம்: ஒரே பல்பு, ஒரே கண்ணாடி, நிறுத்துவிளக்கும் திரும்புவிளக்கும் அதுவே. பின்னால் வருகிறவனுக்குத்தான் குழப்பம். ஒரு பக்கத்துப் பல்பு எரிந்துபோன வண்டியில் பிரேக்கை விட்டுவிட்டு மிதித்தால், அது மறுபக்கம் திரும்புவது போலவே தெரியும். அந்நாட்டின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2009இல் வெளியிட்ட ஆய்வில், செம்மஞ்சள் பொருத்திய வண்டிகள் திரும்பும்போதும் தடம் மாறும்போதும் பின்னால் இடிபடுவது 5.3 சதவீதம் குறைவு என்று கணக்கிட்டார்கள்.

எனக்கு ஆய்வு தேவைப்படவில்லை. ஆனி மாதச் சாரலில் ஒரு மாலை, சாமியார்மடம் தாண்டி ஒரு ஆட்டோவின் பின்னால் போய்க்கொண்டிருந்தேன். அதன் வலது விளக்கின் கண்ணாடி உடைந்திருந்தது. உடைந்த இடத்தில் சிவப்புக் கண்ணாடித் தாளை ஒட்டி, கறுப்பு டேப்பால் சுற்றியிருந்தார்கள். மழைநீர் வழியும் என் கண்ணாடி வழியே சிவப்பு ஒன்று விட்டுவிட்டுத் தெரிந்தது. பிரேக்கைத் தட்டுகிறார், பள்ளம் போலும் என்று நினைத்து, வலப்பக்கமாக முந்தப் போனேன். அவர் வலப்பக்கம் திரும்பினார். இரண்டு வண்டிக்கும் நடுவே ஒரு குடை நுழையும் இடைவெளி மிஞ்சியது. "இண்டிகேட்டர் போட்டிருந்தேனே அண்ணே, பார்க்கவில்லையா?" என்றார். பார்த்தேன், சிவப்பாகப் பார்த்தேன் என்று அந்த மழையில் எப்படி விளக்குவது?

கடைசியாக அந்தப் பயிற்சிப் பள்ளிக்கே போனேன். உரிமையாளர் நல்ல மனிதர். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, பலகையை எப்படியும் புதிதாக எழுதத்தான் போகிறேன் என்று ஓவியரைக் கூப்பிட்டார். ஓவியருக்கு எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி. புள்ளி வைத்த எழுத்தையும் சேர்த்து விரல் விட்டு எண்ணினார். 'திசைகாட்டி விளக்கு' ஒன்பது. 'திரும்புவிளக்கு' எட்டு. "ஒரு எழுத்து மிச்சம்" என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். ஓவியர் இன்னொரு முறை விரலை மடக்கினார். "இண்டிகேட்டர் என்று எழுதினால் ஏழுதான் சார்."

உரிமையாளர் என்னைப் பார்த்தார், ஓவியரைப் பார்த்தார். பலகையில் இப்போது ஏழு எழுத்து இருக்கிறது.