பத்தாம் நாள்

"மருந்து ஏத்துன அன்னிக்கு நானே நடந்து வந்து ஆட்டோல ஏறினேன். வீட்டுக்குப் போய் நாலு இட்லி சாப்பிட்டேன். பத்து நாள் கழிச்சு ஏன்மா இப்படிப் படுத்துது?"

என் பெரியம்மா வார்டு நர்ஸிடம் கேட்டது இது. அவருக்கு நுரையீரலில் புற்று. கண்டுபிடித்தபோதே முதுகெலும்புக்குப் போயிருந்தது. நாலாம் ஸ்டேஜ். முதல் கீமோ முடிந்த மறுநாள் 'இவ்வளவுதானா, இதற்கா பயந்தோம்' என்று வீடே மூச்சு விட்டது. பதினோராம் நாள் 101 டிகிரி காய்ச்சலோடு அவசரப் பிரிவு வாசலில் நின்றோம்.

கீமோ மருந்துக்குப் புற்றுநோய் எது, உடம்பு எது என்று தெரியாது. இரண்டாகப் பிரிந்துகொண்டிருக்கும் செல் எதுவானாலும் அது பிடித்துக்கொள்ளும். சில மருந்துகள் டி.என்.ஏ.வைக் கெடுக்கும், சில, செல் பிரியும்போது குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்கும் நூல்களை முடக்கும். புற்றுச்செல்கள் ஓயாமல் பிரிவதால் அதிகம் அடிபடுகின்றன. ஆனால் உடம்பில் ஓயாமல் பிரிகிறவை வேறும் உண்டு: முடியின் வேர், வாயும் குடலும், எல்லாவற்றுக்கும் மேலாக எலும்பு மஜ்ஜை. நோய்க்கிருமியோடு முதலில் மோதும் நியூட்ரோபில் என்ற வெள்ளை அணுவை மட்டும் மஜ்ஜை ஒரு நாளைக்குச் சுமார் பத்தாயிரம் கோடி தயாரிக்கிறது.

மருந்து ஏறிய அன்று ரத்தத்தில் ஓடும் வெள்ளை அணுக்கள் முதிர்ந்தவை. அவை இனிப் பிரியப்போவதில்லை, அதனால் மருந்து அவற்றைத் தொடாது. மஜ்ஜையில் முக்கால் பக்குவத்தில் இருப்பவையும் தப்பிவிடும். அடிபடுவது அவற்றுக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் இளம் செல்கள். இருப்பு தீரும்வரை கடை திறந்தே இருக்கும். ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும். பல மருந்துகளுக்கு ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாளுக்குள்தான் எண்ணிக்கை அடிமட்டத்துக்குப் போகிறது. எல்லா ரத்த அணுக்களுக்கும் தாயான மஜ்ஜையின் மூலச்செல்களோ பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருப்பவை, அதனால் பிழைத்துக்கொள்கின்றன. அவை விழித்து மறுபடி உற்பத்தியைத் தொடங்கி, மூன்று வாரத்தில் அளவு ஏறிவிடும். அடுத்த ஊசிக்கு 21 நாள் என்று தேதி குறிக்கிறார்களே, அந்தக் கணக்கின் பெரும்பகுதி மஜ்ஜையின் கணக்குதான். சிவப்பணு 120 நாள் வாழும் என்பதால் ரத்தசோகை உடனே தெரியாது. சில சுற்றுகள் போனபின் மெல்ல வரும்.

இதைப் பக்கவிளைவு என்று சொல்கிறோம். வரலாற்றில் முதலில் வந்ததே இந்தப் பக்கம்தான். முதல் உலகப் போரில் மஸ்டர்ட் என்ற நச்சு வாயுவில் சிக்கியவர்களின் வெள்ளை அணுக்கள் வற்றிப்போயிருந்தன. பெருகுகிற செல்லை இது அழிக்குமானால், வெள்ளை அணுப் புற்றையும் அழிக்குமே என்று யோசித்தவர்கள் 1942இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் அதன் உறவான நைட்ரஜன் மஸ்டர்டை ஒரு நோயாளிக்குக் கொடுத்தார்கள். கட்டிகள் கரைந்தன, பிறகு திரும்பி வந்தன. நம்மூர் வேலியோரம் பூக்கும் நித்தியகல்யாணி கதையும் இதேதான். 1950களில் கனடாவில் அதன் இலைச்சாற்றைச் சர்க்கரை நோய்க்கு எலியிடம் சோதித்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை, வெள்ளை அணு இறங்கியது. அதிலிருந்து வந்தவைதான் வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்ற கீமோ மருந்துகள். சுடுகாட்டு மல்லி என்றும் அந்தச் செடிக்குப் பெயர் வைத்திருக்கிறோம்.

பதினோராம் நாள் காய்ச்சலுக்கு வருகிறேன். சீழ் என்பதே பெரும்பாலும் செத்த வெள்ளை அணுக்கள். அணுவே இல்லாதபோது சீழும் இல்லை, வீக்கமும் சரியாக வராது. கிருமி ரத்தத்தில் பரவினாலும் வெளியே தெரியும் ஒரே அடையாளம் காய்ச்சலாக இருக்கலாம். அதனால்தான் 100.4 டிகிரியைத் தாண்டினால் நடுராத்திரியானாலும் கிளம்பி வா என்கிறார்கள். பாராசிட்டமால் போட்டுக் காலைவரை பார்ப்போம் என்பது அந்த ஒரே எச்சரிக்கை மணியையும் நிறுத்துவது போல. நாங்கள் அதைத்தான் செய்தோம். நல்லவேளை, ஆன்டிபயாடிக் ஏற்றியதும் மூன்றாம் நாள் தேறிவிட்டார். பீட்ரூட் சாறும் மாதுளையும் குடித்தால் 'கவுன்ட்' ஏறும் என்று வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். சாற்றின் நிறத்துக்கும் வெள்ளை அணுவுக்கும் சம்பந்தம் கிடையாது. அடுத்த சுற்றிலிருந்து மஜ்ஜையை முடுக்கும் ஊசி போட்டார்கள். இடுப்பெலும்பு இரண்டு நாள் குடைந்தது, காய்ச்சல் வரவில்லை.

வாந்தி வேறு வழியில் வருகிறது. குடல் சுவர்ச் செல்கள் அடிபட்டதும் செரோடோனின் என்ற ரசாயனத்தைக் கொட்டுகின்றன. அது நரம்பு வழியே மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. 1990களின் தொடக்கத்தில் புழக்கத்துக்கு வந்த ஒன்டான்செட்ரான் என்ற மருந்து அந்தச் செய்தியைத் தடுக்கிறது. இரண்டாம் நாளுக்குப் பிறகு வரும் குமட்டலுக்குப் பெரும்பாலும் வேறு ரசாயனம் காரணம். அதற்கு வேறு மாத்திரை. நன்றாக இருக்கிறதே என்று நடுவில் நிறுத்தக்கூடாது. மூன்றாவதாக ஒன்று உண்டு, அதுதான் எனக்கு விந்தை. நாலாவது சுற்றுக்குப் போகும்போது, ஆஸ்பத்திரி பினாயில் வாசம் மூக்கில் பட்டதுமே பெரியம்மாவுக்குக் குமட்டியது. இன்னும் ஊசியே ஏறவில்லை. மணியடித்து மணியடித்துச் சோறு போட்டதில், பிறகு மணியடித்ததுமே விஞ்ஞானி பாவ்லோவின் நாய்க்கு எச்சில் ஊறியது போன்ற பழக்கம் இது. நோயாளியின் மனத்திடக் குறைவு இல்லை. முதல் சுற்றுகளில் வாந்தியே வராமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் இந்தப் பழக்கம் விழாது.

"அவங்களுக்குத் தெரிய வேண்டாம் டாக்டர்" என்று முதல் வாரத்தில் நாங்களும் சொன்னவர்கள்தான். தலைமுடி கொட்டத் தொடங்கிய பதினேழாம் நாள் அவரே கேட்டுவிட்டார்: "இது முழுசா போயிடுமா?" மருத்துவர் மழுப்பவில்லை. ஒரு சென்டிமீட்டர் கட்டியில் சுமார் நூறு கோடி செல்கள் இருக்கும் என்றார். ஒரு சுற்று நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதைக் கொன்றாலும் ஒரு கோடி மிஞ்சும். மிஞ்சியதில் மருந்துக்கு மசியாதவை இருக்கும், அவை பெருகும். பரவிய பின்னும் கீமோவால் குணமாகும் புற்றுகள் சில உண்டு, விரைப் புற்று அப்படி. பெரியம்மாவுடையது அதில் சேராது. கட்டுப்படுத்துவதும் வலியைக் குறைப்பதும்தான் நோக்கம் என்றார்.

வலித்தணிப்புப் பிரிவுக்கும் அப்போதே அனுப்பினார். கடைசிக் கட்டத்தில்தானே அங்கே போவார்கள் என்று அண்ணன் கோபப்பட்டான். 2010இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், பரவிய நுரையீரல் புற்று உள்ள 151 பேரில் ஆரம்பத்திலிருந்தே வலித்தணிப்புச் சிகிச்சையும் பெற்றவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது. இடைநிலை ஆயுளும் (பாதிப்பேர் தாண்டிய காலம்) 8.9 மாதத்துக்குப் பதில் 11.6 மாதம்.

நாலு சுற்று முடிந்து எடுத்த ஸ்கேனில் கட்டி இருந்தபடியே இருந்தது. "குறையலையா?" என்று எங்கள் முகம் விழுந்தது. பரவிய நோயில் வளராமல் நிற்பதையும் பலன் என்றே கணக்கு வைப்பார்கள் என்று விளக்கினார்கள். பெரியம்மாவின் கவலை வேறு. பேத்திக்குக் காதுகுத்து வைக்க வேண்டும். தினசரி காலண்டரை மடியில் வைத்துக்கொண்டு அடுத்த ஊசித் தேதியிலிருந்து விரல்விட்டு எண்ணினார். ஜோசியர் குறித்துக் கொடுத்த இரண்டு தேதிகளில் முதலாவது ஒன்பதாம் நாளில் விழுந்தது, அதை அடித்தார். இரண்டாவது பத்தொன்பதாம் நாள். "இதையே சொல்லிடு" என்றார்.