சண்டைக்குப் போகாத பட்டாளத்தார்

போன வருஷம் ஆகஸ்டில் ஒரு தம்பதி என் அறைக்கு வந்தார்கள். அவருக்கு அறுபது வயது. ராணுவத்தில் 24 வருஷம் இருந்துவிட்டு 2008-ல் ஹவில்தாராக வெளியே வந்தவர். தூக்கம் இல்லை, பி.பி. ஏறிக்கொண்டே போகிறது, மிலிட்டரி கேன்டீன் பாட்டில் முன்பெல்லாம் மாதம் முழுக்க வரும், இப்போது பத்தாம் தேதிக்குள் காலி. இதெல்லாம் மனைவி சொன்னது. அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "எனக்கு ஒண்ணும் இல்ல மேடம். நான் சண்டைக்கே போகாதவன்."

சண்டையைப் பற்றி நான் கேட்கவே இல்லை.

வேலூரில் மனநல ஆலோசகராக இருக்கும் இந்தப் பதினோரு வருஷத்தில் இதே வாக்கியத்தைப் பலர் வாயில் கேட்டுவிட்டேன். எங்கள் பக்கம் பட்டாளத்தார் இல்லாத தெருவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே இன்னொரு பெயர். அதனால் என்னிடம் வருகிறவர்களில் முன்னாள் ராணுவத்தினர் எப்போதும் இருப்பார்கள். (இங்கே நான் சொல்கிறவர்களின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன், அவர்கள் அனுமதியும் வாங்கியிருக்கிறேன்.)

இவர் விஷயம் மூன்றாவது சந்திப்பில்தான் வெளியே வந்தது, அதுவும் மனைவி மூலமாக. ஜூலை 26, கார்கில் வெற்றி நாள் விழா. மெடல் மாட்டிய பிளேசருடன் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். "கார்கில் சமயத்துல இருந்தவங்க எல்லாம் மேடைக்கு வாங்க" என்று மைக்கில் கூப்பிட்டார்கள், பொன்னாடை போர்த்த. 1999-ல் இவர் மகாராஷ்டிராவில் புல்காவ் வெடிமருந்துக் கிடங்கில் ஸ்டோர்கீப்பர். அந்த மே முதல் ஜூலை வரை ராத்திரி பகல் தெரியாமல் வண்டி ஏற்றியிருக்கிறார். அந்த நினைப்பில் பாதி எழுந்துவிட்டார். பின்னாலிருந்து ஒரு குரல்: "ஸ்டோர்காரரே, உங்களுக்கு அங்க இன்னா வேலை? உக்காருங்க." நாலைந்து பேர் சிரித்தார்கள். சொன்னவர் பழைய நண்பர்தான், வேடிக்கையாகத்தான் சொன்னார். இவரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்கு வந்து பிளேசரை மடித்து பீரோ மேல் போட்டவர், அதற்கப்புறம் முன்னாள் ராணுவத்தினர் சங்கக் கூட்டத்துக்கே போகவில்லை.

வெளியில் இருப்பவர்களுக்கு எல்லா யூனிஃபார்மும் ஒன்றுதான். உள்ளே அப்படி இல்லை. இரண்டு பட்டாளத்தார் புதிதாகச் சந்தித்தால் கண் முதலில் போவது நெஞ்சில் இருக்கும் ரிப்பனுக்கு. 1971-ல் மேற்கு எல்லையில் நின்றவருக்குப் பஸ்சிமி ஸ்டார், கிழக்கில் நின்றவருக்குப் பூர்வி ஸ்டார். கார்கிலில் போர்ப் பகுதியில் இருந்தவருக்கு ஆபரேஷன் விஜய் ஸ்டார். நம்மவருடைய பிளேசரில் இருப்பது 9 வருஷ சர்வீஸ் மெடல், 20 வருஷ சர்வீஸ் மெடல், சுதந்திரப் பொன்விழா மெடல். கடைசியில் சொன்னது 1997 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்த எல்லாருக்கும் கிடைத்தது. "இதுல எதுவும் நான் செஞ்சதுக்கு இல்ல மேடம், நாள் ஓட்டினதுக்கு" என்றார். ஒரு மனிதர் தன் 24 வருஷத்தை இதைவிடக் கடுமையாக மதிப்பிட முடியாது.

ராணுவத்தில் இந்த மாதிரி ஆட்கள் நிறைய: கிளார்க், டிரைவர், லங்கரில் சமைக்கிறவர், நர்சிங் அசிஸ்டென்ட், மெக்கானிக், சிக்னல்காரர். எந்த வேலை என்பதை ஆள்சேர்ப்பிலும் பயிற்சியிலும் முடிவு செய்கிறார்கள், எங்கே போஸ்டிங் என்பதை ரெக்கார்ட் ஆபீஸ் முடிவு செய்கிறது. இவர்கள் யாரும் சண்டை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர்கள் இல்லை. அரசு வரையறையிலும் இந்தப் பேதம் கிடையாது. முன்னாள் படைவீரர் என்பவர் போரிடும் பணியில் இருந்திருந்தாலும் போரிடாத பணியில் இருந்திருந்தாலும் ஒன்றுதான் என்று 1979-ஆம் வருஷ விதிகளிலேயே எழுதியிருக்கிறது. அதற்கும் முன்னால், எங்கள் ஊர் மணிக்கூண்டில் வெள்ளைக்காரன் பதித்த கல்லில், 1914–18 பெரும்போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று இருக்கிறது. யார் துப்பாக்கி பிடித்தார், யார் கோவேறு கழுதை ஓட்டினார் என்று அந்தக் கல் பிரிக்கவில்லை. போனவர்கள் 277, அவ்வளவுதான்.

சரி, இவர்கள் மனதில் இந்தத் தராசை யார் வைத்தது? சண்டை பார்த்தவர்கள் என்றுதான் ஆரம்பத்தில் நினைத்தேன். கேட்டுக் கேட்டுப் பார்த்ததில் முதல் குற்றவாளி நாம்தான், சிவிலியன்கள். லீவில் வரும் பையனிடம் டீக்கடையில் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை பேரைச் சுட்ட?" இருபது வயதில் ஒருவன் இதற்கு "நான் ஆபீஸ்ல டைப் அடிக்கிறேன்" என்று சொல்வானா? ஏதோ ஒன்றைச் சொல்லிவைப்பான். நாற்பது வருஷம் கழித்து அந்தப் பொய்யைப் பேரன் பள்ளி விழாவில் சொல்லச் சொல்லுவான். ஒரு முன்னாள் டிரைவர் இப்படித்தான் ஆகஸ்ட் 14 ராத்திரி நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனார். ஈ.சி.ஜி. சுத்தமாக இருந்தது. மறுநாள் பள்ளியில் அவர் பேச வேண்டியது "நான் கண்ட கார்கில்". அவர் கார்கிலைக் கண்டதே இல்லை.

இந்த வெட்கத்தால் வரும் பெரிய நஷ்டம் வேறு ஒன்று. நிஜமான நோய் மறைந்துபோகிறது. ஒரு நர்சிங் அசிஸ்டென்ட் என்னிடம் வந்தார், தொண்ணூறுகளில் ஸ்ரீநகர் பேஸ் ஹாஸ்பிட்டலில் இருந்தவர். ஒரு தோட்டாகூடச் சுட்டதில்லை. காயம்பட்டு வருகிறவர்களின் பூட்ஸ் லேஸைக் கத்தரித்து, பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைப்பது அவர் வேலைகளில் ஒன்று. சில சமயம் பூட்ஸோடு சேர்ந்து வரக்கூடாததும் வரும். இருபத்தைந்து வருஷமாக அவர் லேஸ் வைத்த ஷூ போடுவதில்லை. மகன் வேலைக்குக் கிளம்பும்போது குனிந்து லேஸ் கட்டினால் இவர் கொல்லைப்புறம் போய்விடுவார். வீட்டில் யாருக்கும் காரணம் தெரியாது. இது பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் (பி.டி.எஸ்.டி.) என்றேன். "அந்த வியாதி சண்டை போட்டவங்களுக்குத்தானே வரும்? எனக்கு எப்படி?" என்று என்னிடமே வாதாடினார்.

அப்படி எந்த விதியும் இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட டி.எஸ்.எம்.-5 என்ற மனநோய்க் கையேட்டின் வரையறையில், கொடிய காட்சிகளின் விவரங்களைப் பணி காரணமாகத் திரும்பத் திரும்ப எதிர்கொள்வதும் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய்க்கு ஒரு காரணம். உடல் சிதறல்களைச் சேகரிக்கும் பணியாளரை அதிலேயே உதாரணமாகக் காட்டியிருக்கிறார்கள். ஆம்புலன்ஸ் டிரைவர், மார்ச்சுவரி ஆள், சவப்பெட்டியோடு ஊருக்கு வந்து தாயிடம் ஒப்படைக்கும் ஜவான் எல்லாருக்கும் இது பொருந்தலாம். அந்த நர்சிங் அசிஸ்டென்டுக்குச் சிகிச்சை பலன் தந்தது. பதினைந்து வருஷம் முன்பே கிடைத்திருக்க வேண்டியது.

காலாட்படையிலேயே இருந்து சண்டை பார்க்காதவர்கள் இன்னொரு ரகம். நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பின் 2001 டிசம்பரில் தொடங்கிய ஆபரேஷன் பராக்கிரமில் ஏறக்குறைய பத்து மாதம் பாகிஸ்தான் எல்லையில் நின்றவர்கள். கண்ணிவெடி புதைக்கையிலும் எடுக்கையிலும் கூட இருந்தவர்களை இழந்தார்கள். போர் மட்டும் வரவில்லை. "வருஷம் பூரா படிச்சுட்டு பரீட்சை ஹால் வாசல்லயே நின்ன மாதிரி" என்றார் ஒருவர். சியாச்சினோ, சண்டை எது, சாவு எது என்ற கணக்கையே குழப்பிவிடும். 2016 பிப்ரவரியில் மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்கள் 10 பேர் பனிச்சரிவில் போனார்கள். நான்கு பேர் தமிழ்நாடு, அதில் ஒருவர் எங்கள் வேலூர் மாவட்டம். அவர்களைக் கொன்றது எதிரியின் குண்டு இல்லை. அதற்காக அவர்கள் வீட்டு வாசலில் போய் யாராவது தராசு பிடிப்பார்களா?

ஸ்டோர்கீப்பருக்கு வருகிறேன். ஆரம்பத்தில் நான் ஒரு தப்பு செய்தேன். கார்கிலில் இரண்டரை லட்சத்துக்கு மேல் ஷெல்லும் ராக்கெட்டும் சுட்டார்கள், உங்களைப் போன்றவர்கள் அனுப்பாமல் எதைச் சுட்டிருப்பார்கள் என்று ஆறுதல் சொன்னேன். "ஆமா மேடம்" என்று மரியாதையாகச் சிரித்தார். அடுத்த இரண்டு முறை வரவே இல்லை. அது அவருக்கு எப்போதோ தெரிந்த விஷயம். தெரிந்ததை நான் எடுத்துச் சொன்னது, அழுகிற பிள்ளைக்கு மிட்டாய் நீட்டியது போல ஆகிவிட்டது. இப்போது யாருக்கும் அப்படிச் சொல்வதில்லை. "காலைல எத்தனை மணிக்கு டியூட்டி? முதல்ல என்ன செய்வீங்க?" என்று கேட்கிறேன்.

வீட்டில் இருப்பவர்களும் இதைக் கேட்கலாம். கேட்டால் சில சமயம் வேறு விஷயமும் கிடைக்கும். இவருடைய இளைய மகள் இன்ஜினீயரிங் முடிக்கும்வரை பிரதமர் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பமே போடவில்லை. முன்னாள் ராணுவத்தினரின் பெண் பிள்ளைகளுக்கு மாதம் 3,000 ரூபாய் கிடைப்பது. "அதெல்லாம் போருக்குப் போனவங்க பிள்ளைங்களுக்கு" என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறார். அப்படி ஒரு நிபந்தனையே கிடையாது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு டிஸ்சார்ஜ் புக்கோடு ஒருமுறை போய்க் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். தூக்கமின்மை, குடி, எரிச்சல், யாரையும் பார்க்கப் பிடிக்காமை இரண்டு வாரத்துக்கு மேல் போனால் டாக்டரைப் பாருங்கள். போகத் தயங்கினால் டெலி மானஸ் 14416-க்குப் போன் போடலாம், இருபத்திநாலு மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். சண்டைக்குப் போனீர்களா என்று அங்கே யாரும் கேட்கப்போவதில்லை.

மாதம் ஒரு சனிக்கிழமை எட்டுப் பத்துப் பேர் என் அறையில் கூடுவார்கள். பலமுறை கூப்பிட்டபின் ஜனவரியில் இவர் வந்தார். அங்கே ஒரு ஓய்வுபெற்ற சுபேதார் உண்டு, 1987-ல் அமைதிப்படையில் யாழ்ப்பாணம் போனவர். அந்தப் பணியில் சுமார் 1,200 இந்திய வீரர்கள் இறந்தார்கள். சுபேதார் நொண்டிக்கொண்டு திரும்பி வந்தார். தமிழர் ஊரில் தமிழ்ச் சிப்பாயாகச் சண்டை போட்ட கதையை இங்கே யாரும் மேடை போட்டுக் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. இரண்டு வருஷமாக என் கூட்டத்தில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போவார், அவ்வளவுதான். அன்று ஸ்டோர்கீப்பர் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டதும், அவர் தலையைத் தூக்கிக் கேட்டார்: "அம்யூனிஷன் டெப்போவா? பெட்டி நனைஞ்சு வந்துச்சுன்னா அது யாரு தப்பு? ஏத்தினவனா, எறக்கினவனா?"

இவர் பதில் சொல்ல ஆரம்பித்தார். லாட் நம்பர் என்றால் என்ன, ஒரு லாட்டில் சந்தேகம் வந்தால் முழு லாட்டையும் எப்படி ஒதுக்கிவைப்பார்கள், கிடங்குக்குள் ஆணி வைத்த பூட்ஸும் தீப்பெட்டியும் ஏன் கூடாது, நாற்பது கிலோவுக்கு மேல் இருக்கும் 155 எம்.எம். ஷெல்லை இரண்டு பேர் எப்படித் தூக்க வேண்டும் என்று கையைக் குறுக்கே நீட்டிக் காட்டினார். அப்புறம் 2016 மே 31-க்கு வந்தார். புல்காவில் தீப்பிடித்து அதிகாரிகளும் தீயணைப்பு வீரர்களும் இறந்த அதிகாலை. இவர் ஓய்வு பெற்று எட்டு வருஷம் ஆகியிருந்தது. டி.வி.யில் புகையைப் பார்த்ததுமே எந்தப் பக்கத்து ஷெட் என்று புரிந்துவிட்டதாம். அந்த இடத்தில் குரல் நின்றுபோனது. யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒருவர் தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினார்.

ஐந்தரைக்குச் சுபேதாருக்குப் பஸ். கைத்தடியை ஊன்றி எழுந்தவர் வாசல்வரை போய்த் திரும்பினார்.

"நனைஞ்ச பெட்டி யாரு தப்புன்னு நீங்க இன்னும் சொல்லல. அடுத்த மாசம் வர்றீங்கல்ல?"

"வர்றேன் சாப்" என்றார் இவர்.